குளிர் அறையில் நாலு பேர்

நெடுங்காவூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் குளிர்சாதனம் ஓடும் அறை ஒன்றே ஒன்றுதான். அது வட்டாட்சியருக்கு அல்ல, பிரின்டருக்கு. வட்டாட்சியர் திரவியம், கிறீச்சிடும் மின்விசிறிக்குக் கீழே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். பிரின்டர் மட்டும் இருபத்திரண்டு டிகிரியில், விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை போல அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் தூக்குவாளியோடு அந்த அறைக்குள் போய்விடுவார்கள். விதிப்புத்தகத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை என்று தில்லைநாயகி சொல்லியிருந்தாள். விதிப்புத்தகத்தை அவள் படித்ததில்லை. மற்றவர்களும் படித்ததில்லை. படித்ததாகக் கையெழுத்து மட்டும் எல்லோரும் போட்டிருந்தார்கள்.

அந்தப் பிரின்டரும் சாதாரணப்பட்டதல்ல. படம், குரல், கையெழுத்து, கோபுர முத்திரை எல்லாவற்றையும் செல்போனிலேயே செய்துவிடலாம் என்று ஆனபிறகு, திரையில் தெரிகிற எதையும் நம்புவதை நீதிமன்றமும் மருத்துவமனையும் விட்டுவிட்டன. அப்புறம் வந்ததுதான் இந்தச் சாட்சி அச்சு. ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒன்று. எல்லாம் ஒரே வலையில் கட்டப்பட்டவை. இங்கே ஒரு சான்றிதழ் அடித்தால், எங்கே போகவேண்டுமோ அங்கேயிருக்கும் பிரின்டரிலும் அதே நொடியில் அதே தாள் வெளியே வரும். அதற்குத்தான் மதிப்பு. மற்றதெல்லாம் சுண்டல் மடிக்கத்தான் ஆகும்.

தில்லைநாயகி பட்டா பிரிவில் இருபத்திரண்டு வருடத்தை ஓட்டியவள். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் கிடந்தது. அவளுடைய கணினியில் ஒரு எழுத்துக் கட்டை எப்போதோ கழன்று போய், அந்தப் பள்ளத்தில் தீக்குச்சியால் குத்தித்தான் தட்டச்சு செய்வாள். நெடுங்காவூரில் யார் வீட்டில் பால் திரிந்தாலும் பதினோரு மணிக்குள் அவளுக்குத் தகவல் வந்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு, புதுக் கணினி ஒன்று வரப்போகிறது என்பதும், அது தனக்கில்லை, இந்த அலுவலகத்துக்கு வந்து இரண்டு வாரமே ஆன ஜெசிந்தாவுக்கு என்பதும் போன புதன்கிழமை காலையிலேயே தெரிந்துவிட்டது.

ஜெசிந்தா உறவுமுறைச் சான்றுப் பிரிவுக்கு மாற்றலாகி வந்தவள். அந்த மேசையின் பழைய கணினி அவள் வருமுன்பே புகைந்து அணைந்திருந்தது. வந்த நாளிலிருந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நியாயப்படி அவளுக்குத்தான் புதியது வரவேண்டும். நியாயம் வேறு, வயிற்றெரிச்சல் வேறு.

திங்கட்கிழமை ராகுகாலம் முடிந்து கணினி வந்திறங்கியது. எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம் எல்லாம் தில்லைநாயகி செலவு. முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாதல்லவா. கணினிக்கு மூன்று பொட்டு வைத்தாள், கையோடு பிரின்டருக்கும் மூன்று.

பொட்டு காய்வதற்குள் அன்னபாக்கியம் வந்துவிட்டாள்.

நாற்பத்தொரு வயது, பீடி சுற்றுகிற கை. தம்பிக்கு ஈரல் செயலிழந்து மாவட்டத் தலைநகர மருத்துவமனையில் கிடந்தான். தன் ஈரலில் பாதியை அறுத்துக் கொடுக்க இவள் சம்மதித்திருந்தாள். இவள் அவனுடைய கூடப்பிறந்த அக்காதான் என்று சாட்சித்தாள் ஒன்று வேண்டும். அனுமதிக் குழு இரண்டு மணிக்குக் கூடுகிறது. ஒரு மணிக்குக் கோப்பை மூடிவிடுவார்கள். அடுத்த கூட்டம் பத்து நாள் கழித்து.

"பத்து நாளு தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாவ தாயி," என்றாள் ஜெசிந்தாவிடம். அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். இலையும் தூளும் இல்லாமலே அவள் விரல்கள் மடியில் சுற்றிக்கொண்டிருந்தன.

ஜெசிந்தா பத்து நிமிடத்தில் ஆவணங்களைச் சரிபார்த்து, விவரத்தைத் தட்டி, அச்சிடு என்றாள். திரையில் 'காத்திருக்கவும்' என்று வந்தது. காத்திருந்தார்கள். குளிர் அறையில் பிரின்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. தாள் அசையவில்லை.

அலுவலக உதவியாளர் சுடலைமுத்து தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார்: எல்லா வயரையும் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினார். பதிவறை எழுத்தர் மீனலோசனி கணினியை அணைத்து நூறு எண்ணிவிட்டுப் போட்டாள். திரவியம் சார் வந்து பார்த்து, "நல்லாப் போட்டுப் பாருங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். பதினொன்றேகால் ஆயிற்று.

பராமரிப்புக் குழுமத்திலிருந்து பர்வீன் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது பதினொன்று நாற்பது. முதல் காரியமாக ஈரத்துணி கேட்டு வாங்கிப் பொட்டுகளைத் துடைத்தாள்.

"யாரு இதுக்குப் பூசை போட்டது?"

"நல்லதுதான செஞ்சோம்," என்றாள் தில்லைநாயகி.

"நல்லதுதான்க்கா. கண்ணுலயும் காதுலயும்லா அப்பி வச்சிருக்கீங்க."

துடைத்த பிறகும் சிவப்புதான். பர்வீன் தன் மடிக்கணினியைச் செருகினாள். புதுக் கணினியின் வலை முகவரியைப் பார்த்தாள், பிரின்டருடைய முகவரியைப் பார்த்தாள், டிரைவரைக் கழற்றி மறுபடி ஏற்றினாள், சோதனைத்தாள் ஒன்று அனுப்பினாள். அது கடகடவென்று வந்து விழுந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஜெசிந்தா சான்றிதழை அனுப்பினாள். சிவப்பு.

பர்வீன் நெற்றியைச் சொறிந்தாள். "மெசினுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல சார். மனசுதான் சரியில்ல."

"வெளையாடாதீங்கம்மா," என்றார் திரவியம் சார். "வெளிய ஒரு அம்மா உக்காந்திருக்கு."

"வெளையாடல சார். ஒரு கம்ப்யூட்டரையும் அதுல உக்காருத ஆளையும் பத்தி இதுகிட்ட மூணே பதில்தான் உண்டு. தெரியும், தெரியாது, வேண்டாம். தெரியாதுன்னா உங்க வட்டாட்சியர் சாவியப் போட்டு இப்பவே அடிக்க வச்சிரலாம். இது வேண்டாம்னு சொல்லுது. அதுக்கு மேல சாவிக்கும் கேக்காது. உறவுமுறைச் சான்ற வேற மேசையிலருந்து அடிக்கவும் முடியாது."

"புதுசா வந்த பிள்ளைய வேண்டாம்னு சொல்ல இதுக்கு என்னத்த தெரியும்?"

"பாஸ்வேர்டத் திருடலாம், ரேகையத் திருடலாம், மூஞ்சியக்கூடத் திருடலாம். ஒரு ஆளைப் பத்திக் கூட வேலை பாக்குறவங்க மனசுல இருக்கறத யாரும் திருட முடியாதுல்லா. அதனால இது அதத்தான் கேக்கும். விதிப்புத்தகத்துல நாப்பத்தாறாம் பக்கம். கையெழுத்துப் போட்டிருக்கீங்களே." பிரின்டரின் முன்புறம் இருந்த மூன்று சிறு துளைகளைத் தொட்டுக் காட்டினாள். "இந்த அறையில ஜெசிந்தா மேடத்தப் பத்தி ஏதோ பேச்சு நடந்திருக்கு. என்ன பேச்சுன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பதிவத் தொறக்க மேலிடத்து அனுமதி கேக்கணும். கேக்குறேன், எப்பிடியும் அரை மணி நேரம் ஆகும்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. சுடலைமுத்து குளிர்சாதனத்தைப் பார்த்தார். மீனலோசனி தன் மோதிரத்தைப் பார்த்தாள். தில்லைநாயகி அந்த மூன்று துளைகளைப் பார்த்தாள்.

புதன்கிழமை இதே அறையில், தயிர்சாதத்தின் நடுவே, "அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் கை நீளமாம்லா," என்று ஆரம்பித்தவள் அவள்தான். கையில் இருந்தது ஒரு துணுக்கு மட்டும்: ஜெசிந்தாவின் பழைய ஊரில் ஏதோ போலி வாரிசுச் சான்று விவகாரம் என்று டீக்கடையில் காதில் விழுந்தது. மிச்சத்துக்கு மூக்கு, முழி, கைகால் வைத்தது தில்லைநாயகியின் கைவேலை. அதோடு போயிருந்தால்கூடச் சரி. அன்று சாயங்காலமே அந்த ஊரில் இருக்கும் தன் நாத்தனாரிடம் போன் போட்டு விசாரித்துவிட்டாள். போலித்தாளை அடித்தவள் ஜெசிந்தா இல்லை, அடிக்கமாட்டேன் என்றவள். அதற்குத்தான் இந்த மாற்றல்.

தெரிந்தும் மறுநாள் அவள் வாயைத் திறக்கவில்லை. இலையில் பரிமாறியதைத் திரும்ப அள்ளுகிற வழக்கம் அவள் வீட்டில் இல்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு மற்றவர்கள் வெளியே நின்ற நேரம் பார்த்து அவள் குளிர் அறைக்குள் நுழைந்தாள். கதவைச் சாத்தினாள். பிரின்டர் பக்கம் குனிந்து, அந்தத் துளைகளுக்கு நேராக, கோயிலில் நந்தி காதில் சொல்வது போலச் சொன்னாள்: "ஜெசிந்தா நல்ல பிள்ளை. தங்கமான பிள்ளை. நான் சொல்லுதேன், கேளு."

சிவப்பு.

"தனியாச் சொன்னா எடுத்துக்காதுக்கா."

பர்வீன் கதவருகில் நின்றாள். தில்லைநாயகி நிமிர்ந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"தூசி தட்டுனேன்."

"சரி, தட்டுங்க." பர்வீன் உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தர் சொன்னத மாத்திச் சொல்லணும்னா, முன்னாடி யாரெல்லாம் கேட்டாங்களோ அவங்க எல்லாரும் இருக்கும்போது சொல்லணும். அப்பத்தான் கணக்கு. ஆனா ஒண்ணு பாத்துக்கிடுங்க. பொய் சொன்னேன்னு இது முன்னால ஒத்துக்கிட்டவங்களோட சாட்சி விழுந்துரும். அப்புறம் அவங்க கம்ப்யூட்டர்லருந்து ஒரு தாளும் வராது. மெமோ வரும். பெரும்பாலும் பழைய கோப்புக் கிடங்குக்கு மாத்துவாங்க."

"அங்க மின்விசிறியே கெடையாதே," என்றாள் தில்லைநாயகி.

தாழ்வாரத்தில் அன்னபாக்கியத்தின் செல்போன் அடித்தது. "ம்… கண்ணும் மஞ்சளாயிட்டா… பேச்சு வருதா? … நீ அழுது அவனப் பயங்காட்டாத. இந்தா வந்துரும்." போனை மடியில் வைத்துவிட்டு, கடந்துபோன தில்லைநாயகியிடம் கேட்டாள்: "மெசினு இப்ப எப்பிடி இருக்கு தாயி?"

ஏதோ மெசினுக்குத்தான் உடம்பு சரியில்லை என்பது போலக் கேட்டாள். தில்லைநாயகி, "பாக்காவ," என்றாள். தன் இருக்கைக்குப் போய்த் தீக்குச்சியைக் கையில் எடுத்தாள். ஓய்வூதியம், கிடங்கு, தூசி, ஆஸ்துமா. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்தைந்து. தீக்குச்சி இரண்டாக ஒடிந்தது.

எழுந்தாள். "எல்லாரும் கொஞ்சம் உள்ள வாங்க. சாரும் வாங்க. ஜெசிந்தா, நீயும் வாம்மா."

குளிர் அறையில் ஆறு பேருக்கு இடம் நெருக்கடிதான். தில்லைநாயகி பிரின்டருக்கு நேரே நின்றாள். சொன்னாள். டீக்கடைத் துணுக்கு, தான் வைத்த கைகால், நாத்தனார் போன், மறுநாள் மூடிய வாய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். வாழ்நாளில் அவள் கூட்டாமல் சொன்ன முதல் கதை அதுவாகத்தான் இருக்கும்.

முடித்துவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"தெரியும்க்கா," என்றாள் ஜெசிந்தா. "புதன்கிழமை நானும் சாப்பாட எடுத்துக்கிட்டு உங்களோட சேர்ந்து சாப்பிடலாம்னுதான் வந்தேன். கதவு லேசாத் தொறந்திருந்துச்சு. அப்புறம் போயி என் மேசையிலயே சாப்பிட்டேன்."

தில்லைநாயகி தரையைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் ஒன்றாகப் பிரின்டரைப் பார்த்தார்கள்.

சிவப்பு.

"அனுப்பிப் பாரும்மா," என்றார் திரவியம் சார். ஜெசிந்தா ஓடிப்போய் அனுப்பினாள். 'காத்திருக்கவும்.'

பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்கு மேலிடத்து அனுமதி வந்தது. பர்வீன் பதிவைத் திறந்தாள். திரையை மேலும் கீழும் ஓட்டினாள். தில்லைநாயகியைப் பார்த்தாள், சொல்லலாமா வேண்டாமா என்பது போல.

"என்னன்னு சொல்லுங்க," என்றாள் தில்லைநாயகி. "கெடங்குதான?"

"கெடங்கு இல்லக்கா. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள் பர்வீன். "இது ஒவ்வொருத்தர் பேச்சுக்கும் ஒரு எடை போட்டு வச்சிருக்கும். சொன்னது எத்தன தடவ நெசமா இருந்துச்சுன்னு பாத்து. உங்களுக்குப் பூச்சியம். இந்த மெசின் இங்க வந்த நாலாவது மாசமே போட்டுட்டு. மூணு வருசம் ஆச்சு."

"அப்பம் புதன்கிழமை நான் சொன்னது?"

"கணக்குல இல்ல. இன்னிக்குச் சொன்னதும் கணக்குல இல்ல."

சுடலைமுத்துவுக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றினார். தில்லைநாயகிக்கு, மெமோ வந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திராது. மூன்று வருடம். நெடுங்காவூரின் அத்தனை கல்யாணத்தையும் கடனையும் ஓட்டத்தையும் அவள் எடுத்துச் சொன்ன இந்த அறையில், கேட்ட ஒரே ஒரு காது அவளை ஒரு ஆளாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"பொறவு இது யார் பேச்சக் கேட்டு வேண்டாங்குது?" என்று கேட்டாள்.

"பேச்சு இல்ல." பர்வீன் திரையிலிருந்து வாசித்தாள். "'இருக்கை மூன்று, எடை எழுபது. கேட்டார், மறுக்கவில்லை.'"

மீனலோசனி மோதிரத்தைத் திருகினாள்.

"'அலுவலக உதவியாளர், எடை எண்பத்தி நாலு. கேட்டார், மறுக்கவில்லை.'"

இப்போது சுடலைமுத்துவுக்கு உண்மையாகவே இருமல் வந்தது.

"'இருக்கை ஒன்று, எடை தொண்ணூத்தி ஆறு. கேட்டார், சிரித்தார், ஊறுகாய் கேட்டார். மறுக்கவில்லை.'"

இருக்கை ஒன்று வட்டாட்சியருடையது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றாள் மீனலோசனி அவசரமாக. "அக்கா சொல்லிச்சு, கேட்டேன். இப்பச் சொல்லுதேன், அந்தப் பிள்ள தப்புப் பண்ணுனத நான் பாக்கல." சுடலைமுத்தும், "நானும் பாக்கல," என்றார். பர்வீன் உதட்டைப் பிதுக்கினாள். "தெரியாதுங்கறவங்க வார்த்தை அசைக்காது. தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லணும்."

திரவியம் சார் கைக்குட்டையை எடுத்தார். அந்தக் குளிரில் அதற்கு வேலையில்லை.

தில்லைநாயகிக்கு மூக்கு வேலை செய்தது. பூச்சியம் போட்டால் என்ன, மூக்கு மூக்குதானே. ஜெசிந்தாவின் பணிக் கோப்பு அவள் மாற்றலாகி வந்த நாளிலிருந்தே சாருடைய மேசையில்தான் கிடந்தது. அதை அவர் பிரித்துப் படித்ததையும், படித்துவிட்டுப் பூட்டி வைத்ததையும் இவளே கண்ணாடி வழியாகப் பார்த்திருந்தாள்.

"சார், உங்களுக்குத் தெரியும்லா," என்றாள்.

"தில்லைநாயகி."

"கோப்பு உங்ககிட்டதான இருக்கு சார்."

அவர் பர்வீனிடம் திரும்பினார். "நான் இங்க சொன்னா, அது இந்த அறையோட நிக்குமா?"

"நிக்காது சார். சாட்சி. மாவட்டத்துல இருக்க எல்லாப் பிரின்டர்லயும் ஏறிரும். அழிக்க முடியாது."

அவர் முகம் ஏன் அப்படிச் சுண்டியது என்று மற்றவர்களுக்குப் புரியவில்லை. ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. "சார், வேண்டாம்," என்றாள் மெல்ல. "அந்த அம்மாவுக்கு வேற வழி ஏதாச்சும் பாப்போம். உங்களுக்கும் என் கதி வரும்." போலித்தாளை அடிக்கச் சொன்னது யாரோ தெருவில் போகிறவன் இல்லை. திரவியத்துக்கு மேலே, அவருக்கும் மேலே இருக்கிறவர்.

பன்னிரண்டு ஐம்பது. கதவுக் கண்ணாடிக்கு அந்தப்புறம் அன்னபாக்கியம் வந்து நின்றாள். உள்ளே நடப்பது அவளுக்குக் கேட்காது. ஆறு பெரிய மனிதர்கள் ஒரு பெட்டியைச் சுற்றி நின்று மௌனம் காப்பதுதான் தெரியும். அவள் விரல்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

திரவியம் சார் அந்த விரல்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார் என்றுதான் தில்லைநாயகி பிற்பாடு சொல்வாள். உண்மையில் ஒரு நிமிடம்கூட இராது.

"ஜெசிந்தா போலித்தாள் அடிக்கல," என்றார். "அடிக்கச் சொன்னவரு மாவட்ட உதவி அதிகாரி. மாட்டேன்னு சொன்னதுக்குத்தான் இங்க தூக்கிப் போட்டாங்க. அவரும் இவளும் எழுதுன ரெண்டு கடிதமும் கோப்புல இருக்கு. புதன்கிழமை இந்த அம்மா பேசும்போது எனக்கு அது நல்லாத் தெரியும்." நிறுத்தினார். "தெரிஞ்சுதான் ஊறுகா கேட்டேன்."

விளக்கு அணைந்தது. ஒரு கணம் ஒன்றுமே எரியவில்லை. அப்புறம் பச்சை.

ஜெசிந்தா ஓடினாள். பன்னிரண்டு ஐம்பத்து மூன்றுக்குத் தாள் வெளியே வந்தது, சூடாக. பர்வீன் திரையைப் பார்த்து, "ஆஸ்பத்திரிலயும் வந்துட்டு," என்றாள். சுடலைமுத்து கதவைத் திறந்து தாளை நீட்டினார். அன்னபாக்கியம் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள். பிறகு பேருந்துக்கு ஓடினாள்.

அவள் தம்பிக்குக் கண் மஞ்சள் முழுக்க இறங்கிவிட்டதாம். எட்டாம் நாள் இட்லி சாப்பிட்டானாம், இரண்டரை. அந்த அரை இட்லிவரை தில்லைநாயகிக்குத் தகவல் உண்டு.

திரவியம் சாருக்கு மாற்றல் உத்தரவு மூன்றாவது வாரம் வந்தது. மலையடிவாரத்தில் தண்ணீரில்லாத ஊர். அதே பிரின்டரில்தான் வந்தது, ஒரு தயக்கமும் இல்லாமல். சுடலைமுத்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்.

அவர் போன மறுநாள் குளிர் அறையில் சாப்பாடு நடந்தது. இதற்கெல்லாம் அப்புறமும் அங்கேயா என்று கேட்கலாம். நெடுங்காவூர் வெயிலை அறியாதவர்கள் கேட்கலாம். ஒரே வித்தியாசம், ஜெசிந்தாவும் தூக்குவாளியோடு உள்ளே இருந்தாள். பக்கத்துப் பிரிவிலிருந்து புதிதாகச் சேர்ந்துகொண்ட ஒருவர் அப்பளத்தை நொறுக்கியபடி, "திரவியம் சாரு என்னத்த வாங்கி மாட்டுனாரோ, இப்பிடித் தூக்கி அடிச்சிருக்காவ," என்றார்.

யாரோ லேசாகச் சிரித்தார்கள். கைகள் சோற்றைப் பிசைந்தபடி இருந்தன.

தில்லைநாயகியின் நாக்கு அரித்தது. சார் வீட்டுக்காரம்மாவின் புது வளையல் பற்றி அவளிடம் முதல்தரமான சரக்கு ஒன்று இருந்தது. விழுங்கினாள்.

"இல்ல," என்றாள். "சாரு ஒண்ணும் வாங்கல."

பிரின்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளும் அதைப் பார்த்துச் சொல்லவில்லை. சுடலைமுத்துவைப் பார்த்துச் சொன்னாள். அவர் ஊறுகாய்ப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திருகியது திருகியபடி நின்றது. எண்பத்து நாலு எடையுள்ள அந்த மனிதர் புட்டியை மூடினார். பிறகு அதைத் தரையில் வைத்தார்.

"ஆமா," என்றார். "அந்தம்மா சொல்லுறது சரிதான். வாங்கல."